மூணாம் நம்பர் வீட்டில் சட்டி வைத்த நாட்கள்

மதுரை முனிச்சாலைப் பக்கம் ஒரு சந்துக்குள் எங்களுக்கு ஆறு வாடகை வீடுகள் கொண்ட ஸ்டோர் ஒன்று உண்டு. நடுவில் நடை, வடக்கே மூன்று வீடு, தெற்கே மூன்று வீடு, கோடியில் கிணறு. மெட்ராஸ் டெரஸ் கட்டடம்: தேக்கு உத்திரம், அதன்மேல் செங்கல்லைச் சாய்த்துக் குத்திச் சுண்ணாம்பில் கட்டிய கூரை, அதன்மேல் செங்கல் பொடி கலந்த சுண்ணாம்பான சுருக்கி, எல்லாவற்றுக்கும் மேலே தட்டையான சுட்ட ஓடான தட்டோடு. மாமனார் இருந்தவரை வாடகை வாங்குவது, கொத்தனாரைக் கூப்பிடுவது எல்லாம் அவர் பாடு. 2022இல் அவர் தவறியதும் சாவிக்கொத்து என்னிடம் வந்தது. என் கணவருக்கு வெளியூர் வேலை. மொட்டைமாடிக்கு ஏணி எந்தப் பக்கம் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்.

மதுரையில் வீட்டை வாடகைக்கு விட்டவர்களுக்குக் குளிர்காலம் ஐப்பசியில் தொடங்கி மாசியில்தான் முடியும். சித்திரை வெயில் சுவரில் போட்டுவைத்த விரிசலையெல்லாம் ஐப்பசி மழை ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடிக்கும். மழை விட்டால் மார்கழிப் பனி. நனைந்த சுவர் காய்வதற்குத் தை பிறக்க வேண்டும்.

முதல் இரண்டு வருஷம் நான் செய்ததெல்லாம் புரட்டாசியில் மாடிக்கு ஏறித் தூம்பு வாயில் கிடக்கிற வேப்பஞ்சருகை அள்ளிப் போட்டதுதான். அதுவும் லேசான காரியம் இல்லை. வடக்கு வரிசைக் கூரை மட்டும் 1,200 சதுர அடி. ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் அதில் விழுகிற தண்ணீர் 5,500 லிட்டருக்கு மேல். அத்தனையும் மூன்றங்குலக் குழாய் இரண்டின் வழியாகத்தான் கீழே இறங்கியாக வேண்டும். ஒன்றில் ஒரு பிளாஸ்டிக் பை போய் உட்கார்ந்துகொண்டால் போதும், மொட்டைமாடி ஊருணி ஆகிவிடும்.

2024 அக்டோபர் 25 மழை மதுரைக்காரர்களுக்கு மறந்திருக்காது. செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்த நாள். எங்கள் நடையில் கணுக்கால் அளவு நின்று ராத்திரிக்குள் வடிந்துவிட்டது. தப்பித்தோம் என்றிருந்தேன். மறுநாள் காலையில் மூணாம் நம்பரில் குடியிருக்கும் பெண் வந்தார். பூக்கட்டி விற்கிற குடும்பம்.

"அக்கா, அடுப்படியில காரை பேந்து விழுந்துருச்சுக்கா. பய அங்கிட்டுத்தேன் உக்காந்து எழுதிக்கிட்டிருந்தான். நல்லவேளை."

போய்ப் பார்த்தேன். முறம் அகலத்துக்குக் காரை விழுந்து செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. என் கண்ணில் பட்டது அது இல்லை, தரை. அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் ஒரு வட்டம், குண்டான் அடி அளவுக்கு, வெளுத்துப் பதிந்திருந்தது. ஒரு நாள் ராத்திரி வைத்த பாத்திரத்தின் தடம் இல்லை அது.

"எத்தனை நாளா ஒழுகுது?"

அவர் பதில் சொல்லாமல் மாமியாரைப் பார்த்தார். அந்த அம்மாதான் பூவைத் தொடுத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு தாயி. சொன்னா ரிப்பேர் பாப்பீக. பாத்தா வாடகை ஏறும். அய்யா இருக்கையில அப்புடித்தான்."

எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. தீபாவளிக்கு ஐந்து நாள்தான் இருந்தது. மேலே தொங்கிக்கொண்டிருந்த மிச்சக் காரையைக் கம்பால் தட்டி விழவைத்து, குப்பையை அள்ளிவிட்டு வந்தேன்.

அடுத்து நான் செய்தது முட்டாள்தனம். அதையும் எழுதிவைக்கிறேன். நவம்பர் முதல் வாரம் இரண்டு நாள் வெயில் அடித்தது. கடைக்காரர் சொன்னதைக் கேட்டு இருபது லிட்டர் வாளியில் ரப்பர் மாதிரி இருக்கும் வெள்ளை வாட்டர்புரூஃப் பெயின்ட் வாங்கி, ஆள் வைத்து மாடி முழுக்க இரண்டு கோட் அடித்தேன். பெயின்டும் கூலியும் சேர்த்துப் பதினோராயிரம். கார்த்திகை பிறந்து பத்து நாளில் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. விரலால் கீறினால் அடியில் தண்ணீர். சுருக்கியும் தட்டோடும் ஈரத்தைக் குடித்து வெயிலில் கக்குகிற சாதி. உள்ளே ஈரம் இருக்கும்போதே மேலே மூடி போட்டால் வெயில் பட்டதும் அது ஆவியாகி மூடியைத் தூக்கத்தான் செய்யும். கான்கிரீட் வீட்டுக்காரர்கள் காய்ந்த தளத்தில் அடித்தால் நிற்கலாம். என் மாடிக்கு அது ஆகாது. அடுப்படியிலோ, பெயின்ட் அடித்த பிறகும் சொட்டுவது சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

அப்புறம்தான் பழைய ஆளைத் தேடிப் போனேன். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார், எழுபது வயது இருக்கும். மகன் டைல்ஸ் ஒட்டுகிறார், இவர் வீட்டில் சும்மா இருக்கிறார். வந்து மாடியைச் சுற்றினார், டியூப் மட்டம் பிடித்து வாட்டம் பார்த்தார். "தண்ணி ஓடுற வாட்டம் சரியாத்தான் இருக்கு. தட்டோடும் தளரலை. எதுக்கும் தண்ணி கட்டிப் பாத்துருவோம்" என்றார்.

தண்ணீர் கட்டுவது என்றால், சந்தேகப்படுகிற இடத்தைச் சுற்றிக் களிமண்ணில் வரப்பு எடுத்து, தூம்பைச் சாக்கால் அடைத்து, தண்ணீரை நிரப்பி ஒரு நாள் விட்டுவைப்பது. மூணாம் நம்பர் அடுப்படிக்கு மேலே பத்துக்குப் பன்னிரண்டு அடி மட்டும் கட்டினோம். நான் நான்கு அங்குலம் நிரப்பலாமே என்றேன். அவர் முறைத்தார். "ரெண்டு அங்குலம் போதும்மா. மரம் தாங்கணும்ல." கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு அங்குலத் தண்ணீரே சதுர அடிக்கு ஐந்து கிலோவை ஒட்டி வருகிறது. அந்த இடத்துக்கு மட்டும் அரை டன்னுக்கு மேல். பின்னால் அந்த உத்திரத்தின் கதி தெரிந்தபோது இந்தக் கணக்கு நினைவுக்கு வந்து அடிவயிறு கலங்கியது. பழைய மர வீட்டில் தண்ணீர் கட்டிப் பார்க்கிறவர்கள் முதலில் கீழே இருந்து உத்திரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு மேலே ஏறுங்கள்.

தண்ணீரில் அரைப் புட்டி சொட்டுநீலம் கலந்தேன். எங்கே இறங்கினாலும் நிறம் காட்டிக்கொடுக்கும். ஒரு பகல், ஒரு ராத்திரி போனது. அடுப்படியில் ஒரு சொட்டு இல்லை. நீலமும் இல்லை, வெள்ளையும் இல்லை. "அப்ப மாடி இல்ல" என்று சொல்லிவிட்டு வரப்பை உடைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார் கொத்தனார்.

மாடி இல்லையென்றால் எது? மூணாம் நம்பருக்கு மேலே தொட்டி இல்லை, பைப் இல்லை.

துப்புக் கொடுத்தது அவர்கள் வீட்டு மாதக் காலண்டர். அந்தப் பெண்ணின் மகள் எட்டாவது படிக்கிறாள். ஒழுகுகிற நாளில் தேதிக் கட்டத்துக்குள் பென்சிலால் 'ச' என்று எழுதுவாளாம். சட்டி. நிறைய ஒழுகினால் 'கு', குண்டான். ராத்திரி யார் எழுந்து தண்ணீரைக் கொட்டுவது என்று அண்ணனுக்கும் தங்கைக்கும் நடந்த சண்டையில் முறை வைப்பதற்காகத் தொடங்கிய கணக்கு அது. பழைய வருஷக் காலண்டரையும் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மூவரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். நல்ல மழை பெய்து சட்டி வைக்காத நாட்கள் இருந்தன. லேசான மழைக்குக் குண்டான் வைத்த நாட்களும் இருந்தன. "இது எப்புடிடீ?" என்று அவளிடமே கேட்டேன். "கரண்டு போன அன்னிக்கெல்லாம் 'கு' வரும் அத்த" என்றாள்.

கரண்ட் போகிற நாள் என்றால் காற்றடிக்கிற நாள். மழை நேராக விழாமல் வாடைக்காற்றோடு சாய்ந்து வந்து சுவரில் அடிக்கிற நாள். மேலே விழுகிற தண்ணீர் இல்லை, பக்கத்தில் அடிக்கிற தண்ணீர்.

வடக்குச் சுவருக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரரின் காலிமனை. கருவேலமும் குப்பையுமாகக் கிடப்பதால் நான் அங்கே போனதே இல்லை. சாவி வாங்கி, பூச்சி பொட்டு இருக்கும் என்று கம்பால் தட்டிக்கொண்டே உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தேன். கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்கம், மாடித் தளத்துக்கு முக்கால் அடி உயரத்தில், சுவரின் நீளத்துக்கு ஒரே நேர்கோடாக விரிசல். அதன் நடுவில் ஒரு முழ உயரத்துக்கு அரசங்கன்று தளதளவென்று நின்றது. மாடியில் நின்று பார்த்தால் இரண்டும் தெரியாது.

விரிசல் நேர்கோடாக ஓடினால் அது தானாக விழுந்தது இல்லை, யாரோ இணைத்த இடம். கீழே சுண்ணாம்பில் கட்டிய பழைய சுவர். மேலே சிமெண்டில் பின்னால் வைத்த மூன்று வரிசைச் செங்கல். சிமெண்டு விறைப்பு, சுண்ணாம்பு நெகிழ்வு. வெயிலுக்கும் குளிருக்கும் இரண்டும் ஒரே மாதிரி அசையாது. வெளிப்பூச்சும் விட்டுப்போய், அந்த இடுக்கில் காக்கை போட்ட விதை முளைத்து, வேர் உள்ளே இறங்கி வாயைப் பெரிதாக்கிவிட்டது.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஏணி போட்டு, நீலம் கலந்த தண்ணீரை மக்கில் எடுத்து விரிசல்மேல் அடித்துக்கொண்டே இருந்தேன். மூன்று வாளி. கை கடுத்தது. இருபத்தைந்து நிமிஷம் போயிருக்கும். உள்ளேயிருந்து மகள் கத்தினாள்: "அத்த! ஊதாத் தண்ணி!"

தண்ணீர் விரிசலில் நுழைந்து, உத்திரத்தின் முனை சுவருக்குள் உட்காரும் பொந்துக்குள் இறங்கி, மரத்தைப் பிடித்துக்கொண்டே ஒன்றரை அடி உள்ளே நடந்து வந்து அடுப்படியில் சொட்டியிருக்கிறது. கொத்தனார் ஸ்க்ரூடிரைவரை உத்திரத்தின் முனையில் வைத்து அமுக்கினார். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இரண்டங்குலம் இறங்கியது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சவுக்கு முட்டு இரண்டு கொடுத்து நிறுத்தினோம்.

கார்த்திகையில் சுவரை உடைக்கக் கூடாது. சுண்ணாம்பு வேலைக்கு மெதுவாகக் காய்கிற காலம் வேண்டும், மழை வேண்டாம். அதனால் விரிசலின்மேல் படுதாவை மடித்துப் போட்டு, மேலே செங்கல்லை வைத்து, வெளிப்பக்கம் தொங்கவிட்டுச் சட்டத்தோடு ஆணி அடித்தோம். 740 ரூபாய்ப் படுதா. பதினோராயிரம் ரூபாய்ப் பெயின்ட் செய்யாததை அது செய்தது. அந்த மார்கழி முழுக்கக் காலண்டரில் ஒரு 'ச' இல்லை.

தை வரும்வரை சும்மா இருக்கவில்லை. ஐந்தாம் நம்பரில் ஈரச் சுவரில் இருக்கும் சுவிட்சுப் பலகையைத் தொட்டால் சுர்ரென்கிறது என்றார்கள். எலக்ட்ரீசியன் பார்த்தபோது சுவருக்குள் ஓடிய பழைய ஒயரின் மேல்தோல் உரிந்து பொடியாகிக் கிடந்தது. புது ஒயரைச் சுவருக்குள் விடாமல் வெளியே பைப்பில் இழுத்தோம். ஆறு வீட்டுக்கும் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. மாட்டினோம். கரண்ட் கசிந்தால் அது சட்டென்று இணைப்பைத் துண்டித்துவிடும், பியூஸ் கட்டைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மாட்டிய இரண்டாம் நாளே நான்காம் நம்பரில் அது இணைப்பைத் துண்டித்துக்கொண்டே இருந்தது. என்னவென்று பார்த்தால் வாளியில் போட்டு வெந்நீர் வைக்கும் ஹீட்டர் கம்பி. 1,500 வாட் கம்பி ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதை ஐந்து ஆம்பியர் பிளக்கில் சொருகி மார்கழி முழுக்க வெந்நீர் வைத்திருக்கிறார்கள். பிளக் உருகி நெளிந்திருந்தது. கம்பியிலும் கசிவு. கம்பியைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டு, குளியலறைக்கு வெளியே ஒரு பதினாறு ஆம்பியர் பாயின்ட் போட்டுக் கொடுத்தேன். வெந்நீர் வைக்காதே என்று மார்கழியில் யாரிடமும் சொல்ல முடியாது.

ரெண்டாம் நம்பர் காலி. பூட்டிக் கிடக்கிற வீடுதான் மழைக்காலத்தில் சீக்கிரம் கெடுகிறது. சனிக்கிழமைதோறும் ஜன்னலைத் திறந்து வைத்து, கழிவறையிலும் சிங்க்கிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவேன். அவற்றின் அடிக்குழாய் வளைவில் நிற்கிற தண்ணீர் வற்றினால் சாக்கடை வாடையும் கரப்பானும் வீட்டுக்குள் வந்துவிடும். தண்ணீர்த் தொட்டி மூடிகளுக்குக் கொக்கியும், வழிந்தோடும் குழாய் வாயில் கொசுவலைத் துணியும் போட்டோம். டெங்குக் கொசுவுக்கு நல்ல தண்ணீரும் ஒரு வாரமும் கிடைத்தால் போதும். கிணற்றடி மழைநீர்த் தொட்டியையும் தோண்டினேன். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது மாமனார் போட்டது. அதற்குப் பிறகு யாரும் திறந்து பார்த்த மாதிரி தெரியவில்லை. ஜல்லியே தெரியாமல் வண்டல் மூடியிருந்தது. எட்டு சட்டி மண் அள்ளினோம்.

இதற்கிடையில் எது யார் செலவு என்று ஒரு பேச்சு வந்தது. தமிழ்நாட்டில் 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில் அதற்கு அட்டவணையே இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் சுவர், கூரை, வெள்ளையடிப்பு, பைப் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் வீட்டு உரிமையாளர் தலையில். குழாய் வாஷர், சுவிட்சு, சாக்கடை அடைப்பு, பூட்டு போன்றவை குடியிருப்பவர் பாடு. இதை ஒரு தாளில் எழுதி நடையில் ஒட்டினேன். ஐந்தாம் நம்பர்க்காரர் படித்துவிட்டு, "அப்ப சுவரு ஒங்க பொறுப்பாக்கா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

தை இருபதுக்கு மேல் வேலையைத் தொடங்கினோம். சுண்ணாம்பை மூன்று வாரம் முன்பே தொட்டியில் நீற்றிப் புளிக்க வைத்தாயிற்று. கீழ மாசி வீதி நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கி, இடித்து ஊறவைத்து, கருப்பட்டி கரைத்த தண்ணீரோடு கலந்தார் கொத்தனார். நடை முழுக்க வைத்தியசாலை வாடை. இந்தத் தண்ணீரில் குழைத்தால் காரை பையப் பைய இறுகும், வெடிக்காது என்பது அவர் கட்சி. சிமெண்டில் ஒரே நாளில் முடித்துவிடலாமே என்று அவர் மகன் வந்து சொன்னார். "சிமெண்டு போட்டதுனாலதானப்பா இம்புட்டும்" என்று கிழவர் கரணையைக் காட்டினார். பக்கத்துத் தெருவிலேயே 1636இல் கட்டிய மகால் சுண்ணாம்பில் நிற்கிறதே என்று அவர் ஆரம்பித்தால் டீ ஆறிவிடும்.

சிமெண்டில் வைத்த மூன்று வரிசையையும் எடுத்தோம். அரசங்கன்றை மேலே வெட்டினால் போதாது, மறுபடி தழைக்கும். வேர் போன வழியே இன்னும் இரண்டு வரிசைச் செங்கல்லைப் பிரித்து, நுனிவரை உருவி எடுத்தோம். பூக்கட்டும் அம்மா, அரசை வெட்டிய பாவம் வேண்டாம் என்று அதைத் தகர டின்னில் நட்டுவைத்துக்கொண்டார். தெப்பக்குளம் பக்கம் எங்காவது வைக்கப்போகிறாராம். உத்திரத்தின் மக்கிய முனையை ஒன்றேகால் அடி அறுத்துவிட்டு, இருபக்கமும் இரும்புச் சேனல் கொடுத்து போல்ட் போட்டு, சுவரில் கல் பதித்து அதன்மேல் உட்காரவைத்தோம். மர முனைக்கும் சுவருக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி விடச் சொன்னார் கொத்தனார், காற்றுப் பட வேண்டுமாம். பிறகு சுவரைச் சுண்ணாம்பிலேயே கட்டி, தலைப்பில் மாடிப்பக்கம் வாட்டம் வைத்துப் பூசி, சுவரும் தளமும் சேரும் மூலையில் தண்ணீர் தங்காதபடி சரிவாகக் காரை அடித்தோம். பத்து நாள் சாக்கு போட்டு நனைத்தது மூணாம் நம்பர்ப் பையன். அந்த வெள்ளைப் பெயின்டைச் சுரண்டி எடுக்க மட்டும் சித்தாள் இருவருக்கு மூன்று நாள் ஆயிற்று. எல்லாம் சேர்த்து, பெயின்டைத் தவிர்த்து, 41,300 ரூபாய்.

கணக்கு எழுத மாமனாரின் பழைய நோட்டை எடுத்தேன். பக்கத்தைப் புரட்டும்போது கண்ணில் பட்டது. 1998, ஆனி மாதம்: 'வடக்கு கைப்பிடிச் சுவர் மூணு வரிசை உயர்த்தியது. சிமெண்டு 4 மூடை. மூணாம் நம்பர் வாடகை 50 கூட்டியது.' அந்தக் குடும்பம் அப்போதே அங்கே இருந்தது. ஒழுகுவதற்கான சுவரைக் கட்டிக் கொடுத்து, இருபத்தாறு வருஷம் அதற்கும் சேர்த்து வாடகை வாங்கியிருக்கிறோம்.

பங்குனிக் கடைசியில் ஒரு சாயங்காலம் கோடை மழை இடியும் காற்றுமாக அடித்தது. கரண்ட் போனது. நான் டார்ச்சோடு மூணாம் நம்பர் அடுப்படியில் போய் நின்றேன். சேனலில் கை வைத்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது. அந்தப் பெண் பக்கத்தில் நின்று, குரலைத் தாழ்த்தி, "எம்புட்டுக்கா ஏத்துவீங்க?" என்றார். இந்த வருஷம் ஏற்றவில்லை, ஒப்பந்தப்படி ஏற்றும்போது எல்லோருக்கும் போலத்தான் என்றேன். அவர் மாமியார் பூவிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

மறுநாள் பொழுது விடிவதற்குள் அது நடை முழுக்கப் போய்விட்டது. ஒண்ணாம் நம்பரில் குளியலறைச் சுவர் மூன்று வருஷமாக ஊறுகிறதாம். நான்கில் ஜன்னல் சட்டம் கரையான். ஐந்தில் பரண் பலகை தொங்குகிறது, கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரே நாளில் நோட்டில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ஆறாம் நம்பர் மட்டும் ஒன்றும் இல்லை என்றார்கள். கேட்கும்போது அந்தப் பெரியவர் வாசற்கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டுதான் நின்றார். நாளைக்குப் போய் எங்கே சட்டி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.